ஆண்டு முழுவதும் மலைக்குத் தயார்: விட்டு விட்டுத் தொடங்காமல் உடற்தகுதி காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை வீட்டு மாடிப்படியில் நான் பின்புறமாக இறங்கினேன். கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவனைப் போல ஒவ்வொரு படியாக. முன்பக்கம் திரும்பி இறங்க முயன்றால் தொடை பிடி கொடுக்காமல் மடங்கியது. அந்தப் பயணத்துக்காக எட்டு வாரம் விடாமல் ஓடியிருந்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கவே இல்லை. உடன் வந்தவர்களுக்காக அங்கங்கே நின்று காத்திருந்தேன், அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இறக்கம் அந்தக் கர்வத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டது.

அதைவிடப் பெரிய பிசகு அதன் பிறகு நடந்தது. வலி தீர்ந்ததும் நான்கு மாதம் எதுவும் செய்யவில்லை. அடுத்த பயணத்துக்குத் தேதி குறித்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தேன். ஆரம்ப சூரத்தனம், பயணம், ஓய்வு, மறுபடி ஆரம்ப சூரத்தனம் என்று மூன்று ஆண்டுகள் போயின. ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கு வந்து சேரவே எட்டு வாரமும் செலவாகிவிடும். அதைத் தாண்டி முன்னேற நாள் மிஞ்சாது.

ஆண்டு முழுவதும் உச்சத்தில் இருக்க யாராலும் முடியாது. ஒலிம்பிக் வீரர்களே அதற்கு முயல்வதில்லை. தரைமட்டம் வரை சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. அதற்கு ஆகும் உழைப்பு பலர் நினைப்பதைவிடக் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன். மலையேற்றத்தை மனத்தில் வைத்து எழுதினாலும், நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் பயணம் செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எவ்வளவு வேகமாக இழக்கிறோம், எவ்வளவு குறைவாகச் செய்தால் காக்கலாம்

பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அது சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தமும் கூடவே குறையும். அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றிருந்தவர்கள் அடியோடு நிறுத்திவிட்டார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதமும், பன்னிரண்டு வாரத்துக்குள் சுமார் 16 சதவீதமும் குறைந்தது.

இது கவலை தரும் செய்தி. ஆனால் ராபர்ட் ஹிக்சன் 1980-களின் முற்பகுதியில் நடத்திய ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி பெற்றவர்களை மூன்று விதமாகக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். 6 நாளை 4 நாளாக, 2 நாளாகக் குறைத்தும் ஆக்சிஜன் அளவு பதினைந்து வாரம் குறையவில்லை. 40 நிமிடத்தை 26 ஆக, 13 ஆகக் குறைத்தபோதும் அந்த அளவு குறையாமல் நின்றது. ஆனால் பயிற்சியின் தீவிரத்தைக் குறைத்தவர்களுக்குச் சரிந்தது.

இன்னொரு நுணுக்கமும் அந்த ஆய்வில் இருக்கிறது, மலையேறுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். 13 நிமிடமாகக் குறைத்தவர்களின் ஆக்சிஜன் அளவு குறையாவிட்டாலும், நெடுநேரம் தாங்கும் திறன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 26 நிமிடம் செய்தவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே பிஸியான காலத்தில் நாட்களை வெட்டுங்கள், நேரத்தைப் பாதியாக்குங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது மூச்சிரைக்கும் வேலை ஒன்றும், அவ்வப்போது ஒரு நெடுநடையும் விட்டுப்போகக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரச் செயலிகள் ஆயிரம் எண்களைக் காட்டும். நமக்கு வேண்டியவை நான்கு.

முதலாவது, காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித் துடிப்பு. ஒரு வாரம் தொடர்ந்து எண்ணிச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வழக்கமாகக் கிடைக்கும் ஒரு ஏற்றம் அல்லது மாடிப்படி வரிசையை ஒரே சீராக ஏறி முடிக்க ஆகும் நேரம். எந்த இடம் என்பது முக்கியமல்ல, ஒவ்வொரு முறையும் அதே இடமாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது: சுவரை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒரு காலுக்கு இருபதுக்கு மேல் சுத்தமாகச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். நான்காவது, ஒற்றைக் காலில் படியிறங்கும் சோதனை. அதைப் படி 4-இல் விரிவாகச் சொல்கிறேன்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த நான்கையும் திரும்பச் செய்தால் போதும். தினமும் சோதித்துக்கொண்டிருப்பது விதை முளைத்ததா என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பதைப் போன்றது.

படி 2: கீழ்வரம்பை எழுதி வையுங்கள்

வேலை நெருக்கடி, மழை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்று எது வந்தாலும் இதற்குக் கீழே போக மாட்டேன் என்று நீங்களே வகுத்துக்கொள்ளும் அளவைத்தான் கீழ்வரம்பு என்கிறேன். என்னுடையது இப்படி:

- வாரத்துக்கு இரண்டு நாள், 30 முதல் 40 நிமிடம் நிதானமான ஓட்டம் அல்லது வேக நடை. அதில் ஒரு நாள் நடுவில் 10 நிமிடம் மூச்சிரைக்க ஏற்றம் ஏறுவது.
- வாரத்துக்கு ஒரு நாள், 20 நிமிடம் கால் வலுப் பயிற்சி.
- இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத நெடுநடை.

நெடுநடை இல்லாத வாரத்தில் மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. பொதுவான உடல்நலத்துக்கே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே இது பெருமைப்படும் அளவல்ல, மோசமான வாரங்களுக்கான அளவு. நல்ல வாரங்களில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு தானாகவே நடக்கும்.

கீழ்வரம்பை வகுக்கும்போது பலர் ஆசையால் அதை உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று எழுதி, மூன்றாவது வாரமே உடைந்து, உடைந்தது உடைந்ததுதானே என்று மொத்தத்தையும் கைவிடுகிறார்கள். உங்கள் வாழ்க்கையிலேயே மிக மோசமான வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலும் செய்திருக்கக்கூடிய அளவை எழுதுங்கள்.

படி 3: மெதுவாகப் போகக் கற்றுக்கொள்ளுங்கள்

நியூசிலாந்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், தன் உடலையே சோதனைக்கூடமாக்கி ஒரு பயிற்சி முறையைக் கண்டார். குறுகிய தூரம் ஓடுகிறவனும் முதலில் நெடுந்தூரம் ஓடி அடித்தளம் போட வேண்டும் என்பது அதன் சாரம். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லை ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடும் பள்ளமுமான சுமார் 35 கி.மீ. சுற்றில் ஓட வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் விடை கிடைத்தது. ஸ்னெல் 800 மீட்டரிலும், அதே நாளில் லிடியார்டின் இன்னொரு மாணவரான மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள்.

நிதானமான நெடுநேர உழைப்பு தசை அணுக்களுக்குள் இருக்கும் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்குகிறது; தசை நாரைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்களை வளர்க்கிறது; மாவுச்சத்தைச் சேமித்துக் கொழுப்பை எரிக்கத் தசையைப் பழக்குகிறது. எட்டு மணி நேரம் நடக்கப் போகிறவனுக்கு வேண்டியவை இவைதான். பின்னாளில் ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர் உலகத்தரப் படகு, பனிச்சறுக்கு, ஓட்ட வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் நிதானமானவை, மீதிதான் கடுமையானவை என்று எடுத்துக்காட்டினார்.

நம்மில் பலர் செய்வதோ இரண்டும் இல்லாத நடுவாந்தரம். நிதானம் என்று கிளம்பி, பக்கத்தில் யாராவது முந்தினால் ரோஷம் வந்து வேகம் கூட்டி, தினமும் ஒரே மாதிரி பாதிக் கடுமையில் முடிக்கிறோம். களைப்பு மிஞ்சுகிறது, பலன் மிஞ்சுவதில்லை.

நிதானத்துக்கு அளவுகோல் பேச்சு. முழு வாக்கியங்களாக, நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் பேச முடிந்தால் சரியான வேகம். மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். இதயத் துடிப்புக் கணக்கை விரும்புகிறவர்கள், 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மக்கள்தொகையின் சராசரி, தனி ஆளுக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு இப்படியும் அப்படியும் போகும். பேச்சு அவ்வளவு ஏமாற்றாது.

தொடங்கும் ஆண்டில் ஏற்றம் வந்தால் ஓடாமல் நடந்துதான் நிதானத்தைக் காக்க முடியும். வெட்கப்பட வேண்டாம். முதல் இரண்டு மாதம் என் நிதான ஓட்டத்தைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர் ஒருவர் "தம்பி, கால் வலியா?" என்று விசாரித்தார்.

படி 4: இறக்கத்துக்கான கால்

இந்தப் பகுதியைத்தான் நான் எட்டு வாரம் ஓடியும் கோட்டை விட்டேன். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. இப்படி நீளும்போது தாங்குவதுதான் தசை நாருக்கு நுண்ணிய சேதம் தருகிறது. வலி உடனே தெரியாமல் ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு வருகிறது. மூச்சுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதனால்தான் சைக்கிள் ஓட்டி அபாரமான மூச்சு பெற்றவரும் முதல் இறக்கத்தில் காலை இழக்கிறார்.

நல்ல செய்தி, தசைக்கு ஞாபகம் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் அடிவாங்கிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியை வெகு எளிதாகத் தாங்குகிறது. ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிய அளவில் இறக்கத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாதுகாப்பு கலையாது. பயணத்துக்கு முதல் நாள் கொடுத்தால் மட்டும் வலியோடு மலைக்குப் போக வேண்டியிருக்கும்.

இதற்கு நான் நம்பும் பயிற்சி ஒற்றைக் கால் படியிறக்கம். 20 செ.மீ. உயரமுள்ள படியின் விளிம்பில் வலது காலில் நில்லுங்கள். இடது கால் முன்னால் காற்றில் தொங்கட்டும். கைகள் இடுப்பில். இப்போது வலது முழங்காலை மெதுவாக மடித்து, மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டு, இடது குதிகால் கீழ்த்தரையைத் தொடும் வரை இறங்குங்கள். தரையில் ஒரு முட்டை இருக்கிறது, அது உடையாமல் குதிகாலை வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எடையை அதில் போடாமல் திரும்ப மேலே வாருங்கள்.

கண்ணாடிக்கு முன்னால் செய்தால் உண்மை தெரியும். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்கிறதா, உட்புறமாகச் சாய்கிறதா? இடுப்பின் ஒரு பக்கம் தாழ்கிறதா? முதல்முறை செய்தபோது என் வலது கால் பன்னிரண்டு முறை நேராக இறங்கியது. இடது கால் ஏழாவது முறையிலேயே நடுங்கி, முழங்கால் உள்ளே விழுந்தது. நெடும் இறக்கங்களில் எப்போதும் எனக்கு இடது முழங்கால்தான் வலித்தது. செருப்பையும் பாதையையும் இத்தனை நாள் பழித்திருந்தேன். குற்றவாளி இடுப்புப் பக்கத் தசை. முழங்கால் சாயத் தொடங்கும் இடத்தோடு எண்ணிக்கையை நிறுத்துங்கள். பிசகாகச் செய்த இருபதைவிடச் சுத்தமான ஏழு மேல்.

இதோடு சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. சுமையோடு படியேற்றம், ஸ்குவாட் (நின்ற இடத்திலேயே முழங்காலை மடித்து உட்கார்ந்து எழுவது), ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது, முன்கையை ஊன்றிப் பலகையாக நிற்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. பலகைக்கு மட்டும் 30 விநாடி. பன்னிரண்டு எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், எடையைக் கூட்டுங்கள்.

கெண்டைக்காலுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் உயர்ந்து, ஒற்றைக் காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) வலிக்கு வெளியிட்ட சிகிச்சையே இந்த அசைவுதான்: நாளுக்கு இரண்டு வேளை, முழங்காலை நீட்டி 15 முறை மூன்று சுற்று, மடித்து 15 முறை மூன்று சுற்று, பன்னிரண்டு வாரம். வலி இல்லாதவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தசை சில வாரத்தில் வலுப்பெறும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சும் தசையும் "போகலாம்" என்னும்போது தசைநாண் இன்னும் தயாராகாமல் இருப்பதால்தான் புதியவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் காயம் வருகிறது.

படி 5: முதுகுப்பையைப் பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள்

வெறுங்கையோடு ஐம்பது கி.மீ. ஓடுகிறவரும் பன்னிரண்டு கிலோ பையோடு ஏறும்போது வேறு ஆள். பயணத்தில் சுமக்கப் போகும் எடையில் கால்பங்கோடு தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கிலோ கூட்டி, பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு முழு எடைக்கு வந்து சேருங்கள். முழு எடையைத் தாண்டிப் போவதில் வீரம் உண்டு, லாபம் இல்லை.

எடைக்குத் தண்ணீர் பாட்டில்தான் சிறந்தது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஏறும்போது நிறைத்துக்கொண்டு போய், உச்சியில் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். ஏற்றத்தின் பயன் முழுதாகக் கிடைக்கும், முழங்காலுக்கு வீண் அடி இராது. கால் பழகிய பிறகு தண்ணீரோடே இறங்கலாம்.

மலை அருகில் இல்லையே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மாடியின் உயரம் சுமார் 3 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தைப் பத்துமுறை ஏறினால் 300 மீட்டர் ஏற்றம். அதுவும் இல்லையென்றால் 20 செ.மீ. பலகை ஒன்றில் 1500 முறை ஏறி இறங்கினால் அதே 300 மீட்டர். அலுப்பான வேலை என்பதை மறைக்கவில்லை. நானூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிடும் என்பதால், நூறுக்கு ஒரு தீக்குச்சியை இடமிருந்து வலமாக நகர்த்தி வைப்பேன்.

படி 6: வாரத்தில் ஒரு நாள் மூச்சிரைக்க

உச்சத்தை நோக்கிப் போகும் மாதங்களில் 4 நிமிடம் கடுமை, 3 நிமிடம் நிதானம், இதை நான்குமுறை. நார்வே ஆய்வாளர்கள் புகழ்பெறச் செய்த இந்த முறைக்கு அதிகபட்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் வரை போக வேண்டும். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு வாக்கியம் பேச முடியக் கூடாது. ஏற்றத்தில் செய்தால் காலுக்கு அடி குறைவு. முன்னும் பின்னும் பத்து நிமிடம் நிதானம் சேர்த்தால் மொத்தம் முக்கால் மணி. வாரத்துக்கு ஒன்று போதும், தூக்கம் கெட்ட வாரத்தில் அதுவும் வேண்டாம்.

படி 7: ஆண்டைப் பின்னோக்கிப் பிரியுங்கள்

முக்கியமான பயணம் அல்லது பந்தயத்தின் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணி வாருங்கள்.

கடைசி இரண்டு வாரம் குறைப்பு. மொத்த அளவை 40 முதல் 60 சதவீதம் வரை வெட்டுங்கள். வேகத்தையும் நாட்களையும் ஏறத்தாழ அப்படியே வையுங்கள். கால் துறுதுறுக்கும், எதையோ இழக்கிறோம் என்று மனம் அடித்துக்கொள்ளும். அதற்கு மசிந்து கடைசி வாரத்தில் ஒரு நெடுநடை போட்டவர்கள் எல்லாரும் களைத்த காலோடுதான் புறப்படுகிறார்கள்.

அதற்கு முந்தைய எட்டு முதல் பத்து வாரம் மலைக்கே உரிய பயிற்சி: பை, ஏற்றம், இறக்கம், வாரம் ஒரு நெடுநடை, ஒரு கடும் நாள். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து மூச்சு விடுங்கள். இலக்கு நாளின் நீளத்தை அறிய, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 14 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 48 நிமிடமும் ஒன்றரை மணியும் சேர்ந்து 4 மணி 18 நிமிடம். ஓய்வும், கரடுமுரடான பாதையும், கனமான பையும் இந்தக் கணக்கில் இல்லை. நான் கால்பங்கு கூட்டிக்கொள்வேன். பயிற்சியின் மிக நீண்ட நாள் இந்த நேரத்தில் முக்கால் பங்கை எட்டினால் தைரியமாகப் போகலாம். பயணம் பல நாள் நீள்வதானால், சனி ஞாயிறு அடுத்தடுத்து நடந்து, களைத்த காலோடு எழுந்து நடப்பதையும் பழகுங்கள்.

அதற்கும் முந்தைய மூன்று நான்கு மாதம் அடித்தளக் காலம். படி 3-உம் படி 4-உம் மட்டும். எடைப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாக்க ஏற்ற நேரம் இதுவே, ஏனென்றால் கால் கடுத்தாலும் கெட்டுப்போக எந்தப் பயணமும் பக்கத்தில் இல்லை.

பயணம் முடிந்ததும் இரண்டு வாரம் மனம்போல இருங்கள். நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம், ஒன்றும் செய்யாமல் படுத்தும் கிடக்கலாம். பதினைந்தாம் நாள் கீழ்வரம்புக்குத் திரும்பிவிட வேண்டும். என் நான்கு மாத ஓய்வுகள் எல்லாமே "இன்னும் ஒரு வாரம்" என்றுதான் தொடங்கின. இப்போது பயணத்துக்குக் கிளம்பும் முன்பே, திரும்பிவந்த பிறகான முதல் நடைக்கு நாள் குறித்து, நண்பர் ஒருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கு இதமான மாற்றுகள். ஆனால் எலும்பு தரையின் அதிர்ச்சியில்தான் கெட்டிப்படும். மாதக்கணக்கில் அவை மட்டுமே செய்துவிட்டு நேராக மலைக்குப் போக வேண்டாம்.

படி 8: சாப்பாடு, தண்ணீர், தூக்கம்

உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தசையிலும் ஈரலிலும் சேர்ந்து ஏறத்தாழ 500 கிராம். கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். ஆகவே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் எந்த நாளிலும், முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று விட்டால், பசிக்கும்போது காலம் கடந்திருக்கும். குடலும் பயிற்சியால் பழகும் உறுப்பு. பயணத்தில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை நெடுநடை நாட்களிலேயே சாப்பிட்டுப் பாருங்கள்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 1.6 கிராம் வரை. மெலிய வேண்டும் என்று பயிற்சி கடுமையாகும் மாதங்களில் பட்டினி கிடப்பது காயத்துக்குக் கம்பளம் விரிப்பது. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாமல் நீண்ட நாள் போனால் ஹார்மோன் சமநிலை கெட்டு எலும்பு பலவீனமாகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது அதன் தெளிவான எச்சரிக்கை. எதனால் என்றே தெரியாத சோர்வு நீடித்தால் இரும்புச்சத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, உயிருக்கே ஆபத்தாகும். பல மணி நேரம் வியர்க்கும் நாளில் உப்பும் சேர வேண்டும்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தூக்கத்தை வெட்டி விடியற்காலையில் ஓடுவதை நான் ஒரு காலத்தில் சாதனையாகச் சொல்லிக்கொண்டதுண்டு. அந்த ஆண்டில்தான் மூன்றுமுறை காய்ச்சலில் படுத்தேன்.

பாதம், வெயில், உயரம்

கால் நகத்தைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு வெட்டுங்கள். ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடக்கும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்; சரிவில் நின்றால் விரல் நுனி முன்னால் முட்டக் கூடாது. எங்காவது சுடுவதுபோல உறுத்தினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம் என்றால் அதற்குள் கொப்புளம் வந்துவிடும். இறக்கத்தில் ஊன்றுகோல் முழங்காலின் சுமையைக் குறைக்கும், ஆனால் கைக்கும் பழக்கம் வேண்டும்.

வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். விட்டுவிட்டால் சில வாரத்தில் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். உயரத்துக்கோ உடற்தகுதி கவசமே அல்ல. 2500 மீட்டருக்கு மேல் மலைநோய் யாரையும் பிடிக்கலாம். நல்ல மூச்சுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே மாட்டிக்கொள்வதும் உண்டு. 3000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்குங்கள். தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏற வேண்டாம், அதிகமானால் இறங்குங்கள்.

படி 9: இடையில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். நோய், காயம், குடும்பச் சூழல் என்று ஏதாவது ஒன்று ஆண்டில் ஒருமுறையாவது வரும். மூக்கொழுகல் மட்டும் என்றால் நிதானமாக நடக்கலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல்வலி என்றால் முழு ஓய்வு. காய்ச்சலோடு உழைப்பது இதயத்துக்கு ஆபத்து. காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கூடியிருந்தால், வெளியே அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றைய கடும் பயிற்சியை நடையாக மாற்றுங்கள்.

ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டால் முன்பு செய்ததில் பாதியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் கீழ்வரம்பே உங்கள் தொடக்கம், நான்கு வாரம் அதற்கு மேல் போகாதீர்கள். மூச்சு வேகமாகத் திரும்பும், அதை நம்பித் தூரத்தைக் கூட்டாதீர்கள். படியிறக்கச் சோதனையை மறுபடி செய்து, இரண்டு முழங்காலும் முன்பு நின்ற எண்ணிக்கை வரை நேராக நின்ற பிறகு பையை மாட்டிக்கொள்ளுங்கள்.